உள்ளே ஆள் இருக்கு

பிப்ரவரி 3

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் சுகமாக இருப்பது உன் அம்மா ஒருத்திதான். உன் வீட்டுக்கு வருவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அந்த எரிச்சலைத்தான் தபால் தலை ஒட்டி அனுப்புகிறேன்.

போன வாரம் நீ போனில் சொன்னது இன்னும் காதை விட்டு இறங்கவில்லை. "பிரசவத்துக்கு அம்மா மட்டும் வரட்டும்பா. நீங்க குழந்தை பொறந்தப்புறம் வாங்க. இனிமே இதைப் போன்ல பேச வேண்டாம், எழுதுங்க." எழுதணுமாம்! நான் பத்தாவது பாஸ். அதுவும் என் முகத்தை இன்னொரு வருஷம் பார்க்கப் பயந்து கணக்கு வாத்தியார் போட்ட மார்க். நான் கடைசியாக ஒரு பக்கம் நிறைய எழுதியது வயிற்றுவலி என்று போட்ட லீவ் லெட்டர். அதிலும் பொய்.

சரி, கேட்கிறேன். நான் என்ன பிரசவ அறைக்குள்ளேயா வரப்போகிறேன்? வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்காருவேன். ஃபிளாஸ்க்கில் டீ வாங்கி வருவேன். மாப்பிள்ளை மருந்துச் சீட்டோடு ஓடினால் அவர் பையைப் பார்த்துக்கொள்வேன். இதுக்குக் கூடவா நான் லாயக்கில்லை? என் பேத்தி வாலு பிறந்தபோது நீ இங்கே நம் வீட்டுக்கு வந்திருந்தாய். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவையே கலகலப்பாக வைத்திருந்தது யார்? என் பேச்சைக் கேட்க நர்ஸம்மாக்கள் மேசையை விட்டு எழுந்து வந்தார்கள். இப்போது நான் ஆகாதவனாகிவிட்டேன்.

வேலையிலும் இந்த வாரம் ஒரு கூத்து. ஒரு பழைய கடைக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். நானும் என்னோடு வேலை பார்க்கும் தடியனும் போனோம். உள்ளிருந்து சத்தம் இல்லை. யாரும் மணி அடிக்கவில்லை. காலிப் பெட்டி என்று முடிவு கட்டி, கதவுக்கு முன்னால் நின்று கடைக்காரர்களோடு கொஞ்ச நேரம் கதை பேசிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டோம். சாவகாசமாகத் திரும்பி வந்து கதவைத் திறந்தால் உள்ளே ஒரு தையல்காரர். தோளில் தைத்த சட்டைகள், முகத்தில் வியர்வை ஆறு. "ஏன் சார் ஒரு குரல் குடுக்கலை?" என்றேன். "நீங்க வேலையா இருப்பீங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னு பார்த்தேன்" என்கிறார்! தடியன் சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் லிஃப்ட் குழிக்குள் விழுந்துவிட்டது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள். தாத்தா கோபமாக இருக்கிறார் என்று வாலுவிடம் சொல். நம்பமாட்டாள், இருந்தாலும் சொல்லி வை.

இப்படிக்கு,
வராந்தாவிலும் இடம் கிடைக்காத
உன் அப்பா


பிப்ரவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. தையல்காரர் வரும் இடத்தில் சிரித்துவிட்டேன். அதுதான் பிரச்சினையே.

போனில் நான் ஒன்று சொல்ல வாயைத் திறப்பேன். நீங்கள் ஒரு ஜோக் அடிப்பீர்கள். நான் சிரித்துவிடுவேன். சொல்ல வந்தது வந்த வழியே திரும்பிப் போய்விடும். வாலு பிறந்ததிலிருந்து இதுதான் நடக்கிறது. காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் எழுதச் சொன்னேன்.

அப்பா, அந்தத் தையல்காரர் நான்தான்.

வாலு பிறந்த அன்று வராந்தாவில் நீங்கள் பேசியதெல்லாம் உள்ளே எனக்குக் கேட்டது. நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில் நின்று சொன்னீர்கள்: "எம் பொண்ணு சத்தமே போடமாட்டா சிஸ்டர். அவ கத்தினா கட்டடம் இடிஞ்சு விழுதுன்னு அர்த்தம், எல்லாரும் வெளிய ஓடிருங்க." எல்லோரும் சிரித்தார்கள். அந்த நர்ஸ் உள்ளே வந்து, "நீங்க கத்துற ஆள் இல்லையாமே, உங்க அப்பா சொன்னாரு. சமர்த்து!" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அங்கே ஒருத்தி கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க எல்லோரும் அவள் பக்கம்தான். நான் துண்டைக் கடித்துக்கொண்டு சமர்த்தாகக் கிடந்தேன். நீங்கள் கொடுத்த வாக்கை நான் காப்பாற்ற வேண்டாமா?

ஒரு கட்டத்தில் வலி வேறு மாதிரி ஆனது. ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்தேன் தெரியுமா? கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் தூக்குவோமே, அந்த மாதிரி. யாரும் பார்க்கவில்லை. பிறகு தற்செயலாக வந்த ஒருத்தர் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்தார். அவ்வளவுதான், அறை நிறைய ஆள். என் உடம்பின் மேல் யார் யாரோ கை வைத்தார்கள். என்ன செய்கிறோம் என்று ஒருத்தர் சொல்லவில்லை. கருவி வைத்து இழுத்தார்கள். குழந்தையை எங்கோ கொண்டு போனார்கள். உயிரோடு இருக்கிறதா என்று கேட்கக்கூட எனக்கு வாய் எழவில்லை. வெளியே நீங்கள் யாரிடமோ "பேத்தி! பேத்தி!" என்று கத்தினீர்களே, அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு இதைச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் "அதான் குழந்தை நல்லா இருக்கே" என்றீர்கள். குழந்தை நன்றாகத்தான் இருந்தாள். நான் எப்படி இருந்தேன் என்று கேட்டீர்களா?

சின்ன வயதில் எனக்குத் தாடையில் தையல் போட்டபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று இன்றுவரை தம்பட்டம் அடிக்கிறீர்கள். நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே டாக்டரிடம் "எம் பொண்ணு அழமாட்டா" என்று சொல்லிவிட்டீர்கள். அதற்கப்புறம் நான் எப்படி அழுவது? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நீங்களே எழுதுகிறீர்கள்.

இந்த முறை வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. பிரசவம் பார்க்கப்போகிற நர்ஸம்மா நிதானமானவர். ஆனால் நீங்கள் வராந்தாவில் இருந்தால் நான் மறுபடியும் சமர்த்தாகிவிடுவேன். எனக்கு அந்தப் பயம்தான்.

உங்கள் மேல் கோபம் இல்லை. இல்லை, இருக்கிறது. இரண்டும்தான்.

உங்கள் மகள்


பிப்ரவரி 21

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ எழுதியதை ஒத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை.

நான் கேட்கிறேன், ஒரு லிஃப்ட் மெக்கானிக் வராந்தாவில் அடித்த ஜோக்கை நம்பியா வைத்தியம் பார்ப்பார்கள்? நான் சொன்னால் அவர்களுக்குக் கண் எங்கே போச்சு? கத்தினால்தான் வருவோம் என்று எந்தப் புத்தகத்தில் படித்தார்கள்? பெற்றவன் பெருமைக்குச் சொன்ன பேச்சு அது. வாசலில் பயத்தோடு நின்றவனுக்கு வேறு என்ன வரும்? பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. உனக்குப் பயம் வந்தால் வாய் திறக்காது. ஒரே வீட்டில் இப்படி இரண்டு ரகம்.

இதையே உன் அம்மாவிடம் கத்தினேன். "நான் ஊமைப் பிள்ளையையா பெத்தேன்? அவ வாய் எங்க போச்சு?" என்றேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "எங்கயும் போகலை. அவ வாயையும் சேர்த்து நீங்கதான் வச்சிருக்கீங்க" என்றாள். வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறாள். குக்கருக்கு எத்தனை விசில் என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டுப் போகிறாளாம்.

பழுது என்று யாராவது சொன்னால் எனக்குக் கை ஸ்பேனருக்குப் போகும். எப்போதோ ஆன பழுதை இப்போது என்ன செய்வது? அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் நாற்காலியைத் தூக்கி அடிக்கலாமா என்று கூடத் தோன்றியது. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

நான் வரவில்லை. போதுமா?

இன்னொன்று. எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். சட்டைக்கு அளவு கொடுக்கிற சாக்கில் அந்தத் தையல்காரர் கடைக்குப் போனேன். "நிஜமாவே நீங்க சத்தமே குடுக்கலையா சார்?" என்று கேட்டேன். நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கூச்சத்தோடு சொன்னார்: "தட்டினேனே சார். நீங்க வெளிய என்னமோ ஜோக் சொல்லிட்டிருந்தீங்க. எல்லாரும் சிரிச்சுட்டிருந்தாங்க. நடுவுல தட்டறது மரியாதை இல்லைன்னு விட்டுட்டேன்."

சட்டை அடுத்த வாரம் தருவார்.

அப்பா


மார்ச் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா வந்து சேர்ந்தாள். வந்த அன்றே என் சமையலறையைத் தலைகீழாக மாற்றிவிட்டாள். உப்பு டப்பாவைத் தேடுவதே எனக்கு இப்போது ஒரு உடற்பயிற்சி. வாலு உங்களைக் கேட்டாள். தாத்தா கோபமாக இருக்கிறார் என்றேன். நீங்கள் சொன்ன மாதிரியே நம்பவில்லை.

உங்கள் கடிதத்தில் பாதி வரை எனக்கு ரத்தம் கொதித்தது. "ஊமைப் பிள்ளையா" வரும் இடத்தில் கசக்கிப் போட்டுவிட்டேன். அம்மா எடுத்து நீவி, "கடைசிப் பத்தியைப் படி" என்றாள். படித்தேன். அந்த மனுஷரிடம் போய்க் கேட்டீர்களே, அது போதும் அப்பா. போதும் என்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இப்போதைக்குப் போதும்.

எனக்கு இப்போது வேறு தலைவலி. இங்கே நர்ஸம்மா, "வலி வரும்போது குரலை உள்ள பூட்டி வைக்காதீங்க. வாயைத் திறந்து அடிக்குரல்ல விடுங்க. வாயைக் கெட்டியா மூடினா உடம்பும் சேர்ந்து இறுகிடும். வீட்டுல பழகிட்டு வாங்க" என்கிறார். பழகலாம் என்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முயற்சி செய்தேன். வரவில்லை. ரொம்பக் கஷ்டப்பட்டால் கொசு மாதிரி ஒரு சத்தம். உங்கள் மாப்பிள்ளை கதவைத் தட்டி, "குழாய் ரிப்பேரா? ஆளைக் கூப்பிடவா?" என்கிறார். அவமானமாக இருந்தது. இந்த வயதில், ஒரு பிள்ளையைப் பெற்றவளுக்கு, கத்தத் தெரியவில்லை. நாள் நெருங்க நெருங்க எனக்கு இதுவே பயமாகிவிட்டது. மறுபடியும் கையைத் தூக்கிக்கொண்டு படுத்திருப்பேனோ?

அம்மாதான் சொன்னாள். "கத்துறதுக்கு உங்கப்பாவைக் கேளு. அந்த ஆளு லிஃப்ட் குழிக்குள்ள நின்னு குரல் குடுத்தா எட்டாவது மாடியில காக்கா பறக்கும்."

அதனால் கேட்கிறேன். எப்படிக் கத்துவது? ஜோக் வேண்டாம். செய்முறை மட்டும்.

உங்கள் மகள்


மார்ச் 13

அன்புள்ள மகளுக்கு,

இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் தொழில் சந்தேகம் இது. செய்முறை மட்டும்தான் எழுதுகிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் அது தானாக வந்தது.

முதலில் தொண்டையை மறந்துவிடு. தொண்டையில் கத்துகிறவனுக்கு மத்தியானத்துக்குள் குரல் போய்விடும். தாடையைத் தொங்கவிடு, தூங்குகிறவன் வாய் மாதிரி. தோளைக் கீழே விடு. அடிவயிற்றிலிருந்து வரட்டும். கீச்சுக் குரல் வேண்டாம். லிஃப்ட் குழிக்குள் கீச்சுக் குரல் சுவரில் மோதிச் சிதறிப் போகும், மேலே போய்ச் சேராது. எருமை கத்துகிற மாதிரி கனமாக விட்டால் கடைசி மாடி வரை ஏறும். உங்கள் நர்ஸம்மாவும் அடிக்குரல் என்றுதானே சொல்லியிருக்கிறார்? அவர் கெட்டிக்காரி.

அடுத்தது, வெறும் "ஆ" என்று கத்தக் கூச்சமாக இருக்கும். எனக்கே கூச்சம்தான். அதனால் ஒரு சொல் வைத்துக்கொள். எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு. குழிக்குள் இறங்குகிறவன் இறங்கியதும் மேலே பார்த்துக் கத்துவான்: "உள்ளே ஆள் இருக்கு!" மேலே மோட்டார் அறையில் இருப்பவன் "கேட்டாச்சு!" என்று பதில் கொடுக்கணும். அந்தப் பதில் வராமல் குழிக்குள் இருப்பவன் எதையும் தொடமாட்டான். பதில் கொடுக்காமல் மேலே இருப்பவன் சுவிட்சில் கை வைத்தால் அவனுக்கு அன்றோடு வேலை போச்சு.

இதைக் கவனமாகப் படி. பதில் வருகிற வரைக்கும் கத்தணும். ஒரு தடவை கத்திவிட்டு, "அவங்க வேலையா இருப்பாங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று விட்டவன் எவனும் எங்கள் தொழிலில் பென்ஷன் வாங்கியதில்லை. மரியாதை எல்லாம் குழிக்கு வெளியே.

எழுதுவதற்கு முன்னால் சரியாக வருகிறதா என்று வீட்டில் நின்று ஒரு தடவை கத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்து ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வந்துவிட்டார். வந்ததற்கு டீ கொடுத்தேன். குடித்துப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டம்மா எப்ப திரும்பி வருவாங்க?" என்று கேட்டார்.

கூச்சம் வரும். வரட்டும். கூச்சத்தோடேயே கத்து. குளியலறை வேண்டாம். கூடத்தில் நின்று கத்து. வாலுவைப் பக்கத்தில் வைத்துக்கொள். அவளுக்கு இதில் யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

எனக்கு அங்கே வந்து இதை நேரில் சொல்லிக்கொடுக்க எவ்வளவு ஆசை என்று எழுதினால் நீ சண்டைக்கு வருவாய். எழுதவில்லை.

இங்கேயே இருக்கிற
அப்பா


ஏப்ரல் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

"இதுவும் பொண்ணு, ரெண்டு பேரும் சுகம்" என்று அம்மா போனில் சொல்லியிருப்பாள். மிச்சத்தை நான் எழுதுகிறேன். வலது கையில் பேனா, இடது கையில் உங்கள் இரண்டாவது பேத்தி. கோணல்மாணலாக இருந்தால் அவளைக் கேளுங்கள்.

காலையில் போனோம். நர்ஸம்மா ஒவ்வொன்றுக்கும் முன்னால் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "இப்ப வயித்துல கை வைக்கிறேன், சரியா?" நான் தலையை ஆட்டும் வரை காத்திருந்தார். படுத்தே கிடக்க வேண்டாம், நடங்கள் என்றார். ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டே நின்றேன். அம்மா இடுப்பைத் தேய்த்துவிட்டாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு வலி இறுக ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு முன்பின் தெரியாத ஆட்கள் சிலர் உள்ளே வந்தார்கள். பயிற்சிக்கு வந்தவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நான் அப்படியே பழையபடி ஆகிவிட்டேன் அப்பா. வாய் பூட்டிக்கொண்டது. கை தானாக மேலே போனது. பள்ளிக்கூடத்துக் கை. அம்மா அதைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்துப் போனது.

அந்தக் கையை நானே பார்த்தேன். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. தாடையைத் தொங்கவிட்டேன். அடிவயிற்றிலிருந்து விட்டேன்.

"உள்ளே ஆள் இருக்கு!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று அம்மா சத்தியம் செய்கிறாள். வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் கத்தினேன். அம்மா என் காதோரம் தன் பலம் எல்லாம் சேர்த்துக் கத்தினாள்: "கேட்டாச்சு!" இத்தனை வருஷம் லிஃப்ட்காரருக்கு வாழ்க்கைப்பட்டது வீண்போகவில்லை. நர்ஸம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசலில் நின்றவர்களைக் கையைக் காட்டி வெளியே அனுப்பிவிட்டு என் பக்கம் குனிந்தார். "கேட்டாச்சும்மா. என்ன வேணும், சொல்லுங்க." நான் சொன்னேன். எனக்கு என்ன வேணும், என்ன வேண்டாம், எங்கே வலிக்கிறது, எல்லாம் சொன்னேன். கேட்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வலிக்கும் நான் கத்த, அவர் "கேட்டாச்சு" என்பார். குழந்தை வருகிற வரைக்கும் அப்படித்தான். வராந்தாவில் பக்கத்தில் இருந்தவர், "உங்க வீட்டம்மா என்னங்க சொல்றாங்க?" என்று கேட்டாராம். உங்கள் மாப்பிள்ளை, "அது அவங்க அப்பா வீட்டுத் தொழில்" என்று சொல்லியிருக்கிறார்.

வலித்தது அப்பா. நன்றாகவே வலித்தது. ஆனால் நடந்ததெல்லாம் எனக்குத் தெரிந்து நடந்தது. அவளை ஈரத்தோடு என் நெஞ்சின் மேல் வைத்தார்கள். யாரும் எங்கேயும் கொண்டு போகவில்லை. அவள் முதல் அழுகையை நான்தான் முதலில் கேட்டேன்.

சந்தோஷமாக இருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்லணும். முதல் முறைக்கான கோபம் இதனால் குறையவில்லை. கூடிவிட்டது. ஒருத்தர் குனிந்து கேட்டால் போதும் என்று இப்போதுதானே தெரிகிறது? அப்படியானால் அன்றைக்கு அது ஏன் கிடைக்கவில்லை? பால் கொடுத்துக்கொண்டே அழுகிறேன். "அதான் இந்தத் தடவை எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே" என்கிறாள் அம்மா. "அதான் குழந்தை நல்லா இருக்கே" என்று முன்பு சொன்னீர்களே, இது அதற்குத் தங்கச்சி.

எனக்கு அந்த முதல் நாளை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை வாயால் ஒரு தடவை சொல்லணும். கடிதத்தில் எழுதியது பாதிதான். உங்களிடம்தான் சொல்லணும். நடுவில் நீங்கள் பேசக்கூடாது. என்னைச் சிரிக்க வைக்கக்கூடாது. முடியுமா?

முடியும் என்றால் உடனே வாங்க. முடியாது என்றால் வாலுவின் பள்ளி விடுமுறைக்கு வாங்க, கலகலப்பாக இருக்கலாம். அதற்கும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

உங்கள் மகள்

பின்குறிப்பு: வாலு இப்போது கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு "உள்ளே ஆள் இருக்கு!" என்று கத்துகிறாள். தெருவில் போகிறவர் யாராவது "கேட்டாச்சு" சொன்னால் தவிர நிறுத்துவதில்லை.


ஏப்ரல் 15

அன்புள்ள மகளுக்கு,

கேட்டாச்சு.

முதலில் இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தேன், எனக்கே நல்ல சிரிப்பு வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம். குழந்தை தூங்கும் நேரம் பார்த்து நீயே கூப்பிடு. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு வை. நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா